மாண்டாவைப் பார்க்கலாம்; தொடக்கூடாது. ஏன்?

ஈக்கான் பாக்கார் கடையில் வாழையிலையில் வைத்துச் சுட்டுத் தரும் ‘பாரி’ மீனை நீங்கள் சுவைத்திருக்கலாம். தமிழில் அதன் பெயர் திருக்கை. அதன் பெரிய உறவினம்தான் மாண்டா திருக்கை. பவளப்பாறைகளை ஒட்டி வாழும் மாண்டா, வளர்ந்தபின் இறக்கைகளை நுனிக்கு நுனி 3 மீட்டருக்கும் மேல் விரிக்கும். ஆனால் அதன் வாலில் நச்சு முள் கிடையாது. அது மனிதரைத் தாக்குவதும் இல்லை.

மாண்டாக்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் செல்லும் இடங்களுள் ஒன்று மாலத்தீவின் பா பவளத்தீவுக் கூட்டத்தில் உள்ள ஹனிஃபாரு விரிகுடா. 2009இல் அது பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியானது. 2011இல் பா முழுவதையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அங்கே ஆக்சிஜன் உருளையுடன் மூழ்க அனுமதி இல்லை. ஸ்நோர்கல் குழாயால் மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதந்துதான் பார்க்க வேண்டும். அதுவும் 45 நிமிடங்கள் மட்டுமே. சாதுவான மீனுக்கு எதற்கு இவ்வளவு காவல்?

பருவக்காற்று படைக்கும் விருந்து

மாண்டாவின் உணவு, பிளாங்டன் எனப்படும் நுண்ணிய மிதவை உயிரிகள். மே முதல் நவம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், பிளாங்டன் நிறைந்த நீரை ஏற்றவற்று ஹனிஃபாருவுக்குள் தள்ளுகிறது. விரிகுடா ஒரு புனல்போல் அமைந்திருப்பதால் அவை உள்ளே சிக்கிக்கொள்கின்றன. பௌர்ணமி, அமாவாசை நாள்களில் அலையேற்றம் வலுவாக இருக்கும், விருந்தும் பெரிதாகும். சில வேளைகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாண்டாக்கள் கூடிவிடும். ஆனால் இடமோ ஒரு காற்பந்துத் திடல் அளவுதான்.

அடைக்காத வடிகட்டி

தேநீர் வடிகட்டியில் தூள் சேரச் சேர அடைத்துக்கொள்ளும். மாண்டாவின் செவுள் வடிகட்டி அப்படி அடைப்பதில்லை. உணவுத் துகள்கள் அதன் மடல்களில் மோதித் தெறித்து, தொண்டையை நோக்கிச் செல்கின்றன. நீர் மட்டும் இடைவெளி வழியே வெளியேறுகிறது. 2018இல் வெளியான ஆய்வு ஒன்று இதை விளக்கியது.

இந்த வடிகட்டி வேலை செய்ய, மாண்டா வாயைத் திறந்தபடி முன்னோக்கி நீந்த வேண்டும். அது மூச்சுவிடுவதும் அப்படித்தான். நீங்கள் குறுக்கே வந்தால் அது விலகித் திரும்பும். ஒரு வாய் உணவு போகும். ஐம்பது பேர் குறுக்கிட்டால்?

ஒரே ஒரு குட்டி

நாம் வாங்கும் கெம்போங் மீன் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். மாண்டாவோ ஏறத்தாழ ஓராண்டு கருவைச் சுமந்து, பொதுவாக ஒரே ஒரு குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்குப் பல ஆண்டுகள் ஆகலாம். எனவே இழந்த எண்ணிக்கை எளிதில் திரும்பாது. செவுள் தகடுகளுக்காக அவை வேட்டையாடப்பட்டதால், 2013இல் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் மாண்டா சேர்க்கப்பட்டது.

நீரில் இறங்கினால்

• குறைந்தது 3 மீட்டர் தள்ளியே இருங்கள். அது நெருங்கி வந்தால் அசையாமல் மிதந்து வழிவிடுங்கள்.
• எதிரே போகாதீர்கள், துரத்தாதீர்கள். பக்கவாட்டில் இருந்து பாருங்கள்.
• தொடாதீர்கள். அதன் தோல்மேல் உள்ள வழவழப்பான படலம் கிருமிகளைத் தடுக்கும் கவசம்.
• கால்களை அடித்து நீரைக் கலக்காதீர்கள். ‘ஃபிளாஷ்’ வேண்டாம்.

மாண்டாவின் வயிற்றிலுள்ள புள்ளிகள் நம் கைரேகையைப் போன்றவை. ஒன்றுக்கு இருப்பது மற்றொன்றுக்கு இராது. பயணிகள் எடுக்கும் வயிற்றுப் படங்களைக் கொண்டே மாலத்தீவில் ஆயிரக்கணக்கான மாண்டாக்களை ஆய்வாளர்கள் அடையாளம் கண்டு, அவை எங்கே போகின்றன, எப்போது கருவுறுகின்றன என்று பதிந்து வருகிறார்கள். அமைதியாக மிதந்து நீங்கள் எடுக்கும் ஒரு தெளிவான படமும் அந்தப் பதிவேட்டில் சேரலாம்.