தோலும் தேனும்

தோலைப் பற்றி நம் வட்டாரத்தாருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றுப் பகுதி நெடுகிலும் தோல் பதனிடும் தொழிலை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஆயினும் நம் உடலைப் போர்த்தியுள்ள தோலைப் பற்றி நாம் சிந்திப்பது குறைவே. அத்தோலுக்கும் தலைமுடிக்கும் தேன் தடவும் வழக்கத்தை வேதியியல் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தேனின் இயல்பு

ஜவ்வாது மலைத் தேனாயினும் பெட்டித் தேனாயினும் பெரும்பகுதி சர்க்கரையே. ஏறத்தாழ 38 விழுக்காடு ஃபிரக்டோஸ், 31 விழுக்காடு குளுக்கோஸ், 17 விழுக்காடு நீர் ஆகியவை தேனில் உள்ளன. எஞ்சியவை பிற சர்க்கரைகள், அமிலங்கள், நொதிகள் முதலியன. சர்க்கரை நீரை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஆதலால் தேன் தடவிய தோல் சற்று நேரம் ஈரப்பதத்துடன் மென்மையாக விளங்குகிறது.

தேனின் பிஎச் மதிப்பு சுமார் 3.9, அதாவது அது அமிலத் தன்மையது. நம் தோலின் மேற்பரப்பும் 5 என்ற அளவில் மென்மையான அமிலத் தன்மை கொண்டதே. சாதாரணச் சோப்பின் பிஎச் 9 முதல் 10 வரை. சோப்புப் போட்டபின் முகம் வறண்டு இழுப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. இதனினும் கடுமையான காரம் என்ன செய்யும் என்பதைத் தோல் தொழிற்சாலையின் சுண்ணாம்புத் தொட்டியில் காணலாம். சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த பிஎச் 12 அளவுள்ள நீரில், மயிரின் கெராட்டின் புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள் அறுபட, மயிர் கரைந்து நீங்குகிறது. நம் தலைமுடியும் மேல்தோலும் அதே கெராட்டினால் ஆனவை என்பதை மறத்தலாகாது.

தேன் பட்டால் முடி நரைக்குமா?

இக்கேள்வியைக் கேளாத வீடு இல்லை. நீர் கலந்த தேனில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவது உண்மை. ஆனால் அதன் அளவு லிட்டருக்கு 1 அல்லது 2 மில்லிமோல். விழுக்காட்டில் கூறின் 0.003 முதல் 0.007 வரை. முடியின் நிறத்தை வெளுக்கப் பயன்படும் கரைசலிலோ 6 விழுக்காடு அளவில் பெராக்சைடு உண்டு. இரண்டிற்கும் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு வேறுபாடு! மேலும், நரை என்பது முடியின் வேரில் நிறமிச் செல்கள் குன்றுவதால் வருவது. எனவே இவ்வச்சத்திற்கு அடிப்படையில்லை.

பயன்படுத்தும் முறை

ஒரு தேக்கரண்டி தேனில் சில துளி நீர் கலந்து, ஈர முகத்தில் பூசி, 15 நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரால் கழுவலாம். தலைக்கு, சீயக்காய் தேய்த்துக் குளித்தபின் ஒரு குவளை நீரில் இரண்டு தேக்கரண்டி தேன் கரைத்து ஊற்றி, நன்கு அலச வேண்டும். பொடுகு பற்றி, 2001இல் வெளியான ஆய்வொன்றில், 30 நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் தேன் தடவி மூன்று மணி நேரம் கழித்துக் கழுவினர். ஒரு வாரத்தில் அரிப்பும் செதிலும் தணிந்தன. சிறிய ஆய்வாயினும் கருதத்தக்கது.

முதலில் முழங்கையின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பார்த்தல் நலம். சிலருக்குத் தேனிலுள்ள மகரந்தம் ஒவ்வாது. எலுமிச்சைச் சாறு கலத்தல் வேண்டா. அதன் பிஎச் 2 அளவிலிருப்பதால் எரிச்சல் தரும். ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் படவே கூடாது.

எல்லை எது?

தேன் புண்ணாற்றும் என்பதற்கும் சான்றுண்டு. சோலாப்பூர் மருத்துவர் சுப்பிரமணியம் 1991இல் தீக்காயம்பட்ட 104 பேரிடம் ஆய்ந்து தேனின் பயனைக் காட்டினார். எனினும் இன்று மருத்துவமனைகளில் காயத்திற்கு இடும் தேன் காமாக் கதிரால் நுண்ணுயிர் நீக்கப்பட்டது. நம் அடுக்களைத் தேன் அன்று.

இதை நான் வற்புறுத்தக் காரணமுண்டு. சுண்ணாம்பிலும் குரோமிய உப்பிலும் உழைப்போரின் கைகள் வெடித்துப் புண்ணாவதை நாம் அறிவோம். அப்புண்ணில் தேனைத் தடவி மறுநாளும் வெறுங்கையோடு தொட்டியில் இறங்கினால், காரணம் நீங்காமல் புண் எவ்வாறு ஆறும்? அவர்களுக்கு வேண்டியவை ரப்பர் கையுறை, முழங்கால் வரையிலான காலணி, இரசாயனம் பட்டவுடன் கழுவ ஓடும் நீர், தோல் மருத்துவரின் ஆலோசனை ஆகியவையே.

அழகுக்குத் தேன் துணை செய்யட்டும். உழைக்கும் கைகளுக்குக் காப்பு முதலில் வரட்டும். படித்த நாம் வீட்டிலும் தெருவிலும் இவ்வேறுபாட்டை எடுத்துரைப்போமாக.