புது ரப்பருக்குக் காசு, போட்டது பழைய ரப்பர்

கேள்வி: எனக்கு ஒரே ஒரு லாரி. 14 வருஷத்து வண்டி, நானேதான் ஓட்டுகிறேன். எஃப்.சி.க்கு முன்னால் ஒரு பட்டறையில் கேபின் டிங்கர் வேலைக்கு விட்டேன். தகடு சேரும் இடமெல்லாம் புது ரப்பர் வைத்து சீலன்ட் போட்டுத் தருவதாகச் சொல்லி 72,000 ரூபாய் வாங்கினார்கள். முதல் மழையிலேயே கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். கதவும் பானெட்டும் கடகடவென்று ஆடுகின்றன. கேட்டால், "பழைய வண்டி அப்படித்தான் இருக்கும். தொழில் வண்டிக்கு நுகர்வோர் கோர்ட்டில் வழக்கே எடுக்க மாட்டார்கள்" என்கிறார்கள். நிஜமா?

– ஒரு வாசகர், நாமக்கல் மாவட்டம்

பதில்: இல்லை. வணிக நோக்கத்துக்கு வாங்கியதை 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்குகிறது என்பது சரிதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைக்க மட்டுமே வாங்கியதை அது வணிக நோக்கமாகப் பார்ப்பதில்லை. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய உதாரணங்களில் ஒருவர், தானே ஓட்டுவதற்காக லாரி வாங்குகிறவர். கூடமாட ஒன்றிரண்டு ஆள் இருந்தாலும் அவர் நுகர்வோர்தான் என்றது.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். சுயதொழிலுக்கு இடம் தரும் இப்போதைய சட்டத்தின் விளக்கத்தில் 'பொருள்' என்றுதான் இருக்கிறது, 'சேவை' என்று இல்லை. எதிர்த்தரப்பு வக்கீல் இதைக் கட்டாயம் பிடிப்பார். அதனால் ரப்பர், சீலன்ட் விலையையும் கூலியையும் மனுவில் பிரித்துக் காட்டுங்கள். லாரி ஒன்றுதான், அதன் வருமானத்தில்தான் குடும்பம் ஓடுகிறது என்பதையும் தெளிவாக எழுதுங்கள்.

எனக்குக் கவலையெல்லாம் சான்றைப் பற்றித்தான். கோபத்தில் வேறு பட்டறையில் விட்டுச் சரிசெய்துவிடாதீர்கள், சாட்சி அழிந்துவிடும். கேபினுக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே ஹோஸில் தண்ணீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு இணைப்பாகப் பீய்ச்சி, எங்கே கசிகிறது என்று வீடியோ எடுங்கள். பிறகு வேறொரு அனுபவமுள்ள டிங்கரை வைத்து ஒரே ஒரு இணைப்பை மட்டும் பிரித்துப் பாருங்கள். நகத்தால் அழுத்தினால் அமுங்காத, வெடித்த ரப்பர்மேல் பெயின்ட் அடித்திருந்தால் அது பழையதுதான். கண்ணாடிக்குப் போடும் சிலிகானை அப்பியிருந்தால் அதன்மேல் பெயின்ட் பிடிக்காமல் தோலாக உரியும். இரண்டையும் படமெடுத்து, அந்த டிங்கரிடம் கையெழுத்தோடு கருத்து வாங்குங்கள். பட்டறைக்காரர் மறுத்தால், வண்டியைப் பார்வையிட வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு மனுப் போடலாம்.

பில் இல்லையென்றால் பணம் அனுப்பிய ஜிபே பதிவும் வாட்ஸப் பேச்சும் உதவும். இவை மின்னணுப் பதிவுகள் என்பதால், சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். "எஃப்.சி. கிடைத்ததே" என்பார்கள். எஃப்.சி. வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்வது. பட்டறை வேலைக்கு அது நற்சான்று ஆகாது.

முதலில் 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் இல்லாவிட்டால் நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பட்டறை வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடச் சட்டம் இடம் தருகிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. காலக்கெடு 2 ஆண்டு. பல லாரி வைத்து டிரைவர் போட்டு ஓட்டுகிறவர் என்றால் இந்த வழி கடினம். அவர் 3 ஆண்டுக்குள் சிவில் நீதிமன்றம் போவதே நல்லது.

கொடுத்த பணத்தோடு, வண்டி நின்ற நாட்களின் வாடகை நஷ்டத்தையும் கேளுங்கள். அதற்கு முந்தைய சில மாத டிரிப் ஷீட்டுகளை இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.