சுனாமி ஏன் வருகிறது? பிள்ளையளுக்கும் ஊரில் உள்ளவர்களுக்கும் சொல்லிக் குடுங்கோ



டிசம்பர் 26 இஞ்ச பொக்சிங் டே விடுமுறை. பிள்ளையள் பீச்சுக்குப் போகவேணும் என்று நிற்பார்கள். ஆனால் கிளேட்டனில் இருக்கிற எங்கட குடும்பங்கள் பலவற்றுக்கு அது துக்க நாள். 2004 ஆம் ஆண்டு அதே நாளில் முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறைக் கரைகளில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மட்டும் ஏறத்தாழ 35,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். 14 நாடுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2 இலட்சத்து 28 ஆயிரம் பேர்.

அன்று சுமாத்திராவில் நிலம் நடுங்கியதற்கும் எங்கட கரையில் அலை அடித்ததற்கும் இடையில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்துக்குள் நடந்தே தப்பியிருக்கலாம். ஆனால் சொல்லுவதற்கு ஒரு ஏற்பாடும் இருக்கவில்லை. சுனாமி என்ற சொல்லையே எங்கட சனம் பலர் அன்றைக்குத்தான் முதல்முதல் கேட்டார்கள். அது யாருடைய பிழையும் இல்லை. ஆனால் இனியும் தெரியாமல் இருக்கக் கூடாது.

சுனாமி எப்படி உண்டாகிறது?

பூமியின் மேலோடு ஒரே துண்டு அல்ல. பல பெரிய தட்டுகளாக இருக்கிறது. சுமாத்திராவுக்கு மேற்கே கடலுக்கு அடியில் ஒரு தட்டு இன்னொன்றுக்குக் கீழே வருடத்துக்குச் சில சென்ரிமீற்றர் நுழைகிறது. இரண்டும் உரசும் இடம் சில வேளை இறுகிப் பிடித்துவிடும். அப்போது கீழே போகிற தட்டு மேல் தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுத்து வளைக்கும். நீண்ட காலமாகச் சேர்ந்த அந்த இறுக்கம் அன்று இலங்கை நேரம் காலை 7 மணியளவில் விடுபட்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. உடைவின் நீளம் 1,200 கிலோமீற்றருக்கு மேல். வளைந்திருந்த விளிம்பு துள்ளி எழும்ப, அதற்கு மேல் நின்ற கடல் முழுவதும் தூக்கப்பட்டது.

சாதாரண அலையைக் காற்று மேல்தண்ணீரில் உண்டாக்குகிறது. சுனாமியில் அடியிலிருந்து மேல் வரை முழுத் தண்ணீரும் நகரும். ஆழ்கடலில் அதன் வேகம் மணிக்கு 700 கிலோமீற்றருக்கு மேல், விமானத்தின் வேகம் மாதிரி. ஆனால் உயரம் ஒரு மீற்றர்கூட இராது. ஆழ்கடலில் நிற்கிற வள்ளக்காரருக்கு அது தெரியவே தெரியாது. கரைக்குக் கிட்ட ஆழம் குறைய வேகம் குறையும், பின்னால் வருகிற தண்ணீர் நெருங்கி உயரும்.

எல்லா நிலநடுக்கத்துக்கும் சுனாமி வராது. 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் நடுங்கியது. இலங்கைக் கரையோரச் சனமும் பாதுகாப்பான இடங்களுக்குப் போனார்கள். ஆனால் பெரிய அலை வரவில்லை. அன்று நிலம் பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர, கடலைப் பெரிதாக மேலே தூக்கவில்லை. "சும்மா ஓட வைச்சுட்டாங்கள்" என்று நினைக்காதேங்கோ. அலை வருமா வராதா என்று உறுதியாகத் தெரியும்வரை பொறுத்திருக்க நேரம் இராது.

எரிமலையாலும் கடலடி மண்சரிவாலும் கூட சுனாமி வரும். 1883 இல் கிரக்கட்டோவா எரிமலை வெடித்தபோது 36,000க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதில் பெரும்பாலானோரைக் கொன்றது அலைதான். 1998 இல் பப்புவா நியூகினியில் கடலடியில் மண் சரிந்து எழுந்த அலையில் 2,000க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

1978 இல் மட்டக்களப்பை அழித்த சூறாவளி வேறு வகை. புயலில் காற்று கடலைக் கரைக்குத் தள்ளும். காற்றும் மழையும் முன்கூட்டியே தெரியும். சுனாமி காற்றும் மழையும் இல்லாத நாளிலும் வரும்.

ஒரு அலையோடு முடியாது

தென்னிலங்கையில் பெரலியவில் நடந்ததைப் பாருங்கோ. முதல் அலை புகையிரதத்தை நிறுத்தியது. தண்ணீருக்குப் பயந்து ஊர்ச்சனமும் பெட்டிகளில் ஏறினார்கள். பிறகு வந்த பெரிய அலை பெட்டிகளைப் புரட்டியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அலைகளுக்கு இடையில் பத்து நிமிடமும் இருக்கலாம், ஒரு மணித்தியாலமும் இருக்கலாம். பொருள் எடுக்கவோ பார்க்கவோ திரும்பிப் போகக் கூடாது.

தண்ணீர் வற்றிய பிறகு

கரையோரக் கிணறுகள் உப்பாகின. அப்படிப்பட்ட கிணற்றை ஒரேயடியாக இறைத்தால் நல்லதல்ல, அடியில் உள்ள உப்புத் தண்ணீர் மேலே ஏறிவிடும். வள்ளமும் வலையும் போனதால் தொழில் போனது. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் போயின. விசா விண்ணப்பத்தில் "ஏன் பத்திரம் இல்லை?" என்று கேட்டால், சுனாமியில் போனதென்றால் அதை ஒளிக்காமல் உங்கட சட்ட ஆலோசகரிடம் சொல்லுங்கோ. இப்போது கையில் உள்ள பத்திரங்களுக்குப் பிரதி எடுத்து இன்னொரு இடத்திலும் வையுங்கோ.

மனக்காயமும் பெரிது. சுனாமியில் எல்லாம் இழந்த முல்லைத்தீவுச் சனத்தின் மேல் 2009 இல் போரும் விழுந்தது. கடலைக் கண்டால் நெஞ்சு படபடக்கிறது, டிசம்பர் வந்தால் நித்திரை இல்லை என்றால் அது பைத்தியம் இல்லை. டண்டினோங்கில் உள்ள பவுண்டேஷன் ஹவுஸில் அகதிகளுக்கு இலவச ஆலோசனை உண்டு. உங்கட குடும்ப வைத்தியரிடமும் கேட்கலாம்.

இஞ்ச எங்களுக்கு ஆபத்து உண்டா?

கிளேட்டன் கடலிலிருந்து உள்ளுக்குத் தள்ளி இருக்கிறது. வீட்டில் இருக்கும்போது பயப்பட வேண்டாம். விக்ரோறியாவில் காட்டுத்தீயும் கடும் வெயிலும்தான் பெரிய ஆபத்து. 2009 பெப்ரவரி 7 தீயில் 173 பேர் இறந்தார்கள். ஆனால் கடற்கரையில் நிற்கும்போது சுனாமி நில எச்சரிக்கை வந்தால், கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் உள்ளுக்கு அல்லது கடல்மட்டத்திலிருந்து 10 மீற்றர் உயரத்துக்குப் போகவேணும்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கோ. 2011 இலிருந்து அவுஸ்திரேலியா, இந்தியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளின் நிலையங்கள் இந்துசமுத்திர நாடுகள் எல்லாவற்றுக்கும் சுனாமித் தகவல் அனுப்புகின்றன. அவுஸ்திரேலிய நிலையத்தை நடத்துவதில் மெல்பேர்ணில் உள்ள வானிலை அலுவலகத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் எச்சரிக்கை கொழும்புக்குப் போனால் மட்டும் போதாது. கரையில் நிற்கிற ஆளுக்கு அதன் அர்த்தம் தெரியவேணும்.

அதற்கு உதாரணம் சுமாத்திராவுக்குப் பக்கத்தில் உள்ள சிமெலுவே தீவு. அங்கே 1907 இல் சுனாமி வந்தது. "நிலம் பலமாக நடுங்கினால் மலைக்கு ஓடு" என்று பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004 இல் நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிகக் கிட்ட இருந்தும், 70,000க்கு மேற்பட்டவர்களில் இறந்தவர்கள் ஏழு பேர்தான்.

இதைச் சொல்லிக் குடுங்கோ

1. கரையில் நிலம் பலமாக அல்லது நீண்ட நேரம் நடுங்கினால் அறிவித்தலுக்குக் காத்திராமல் ஓடவேணும்.
2. இலங்கையில் நடுக்கம் தெரியாமலே அலை வரலாம். கடல் திடீரென்று உள்வாங்கினாலோ, ஏறினாலோ, இரைந்தாலோ ஓடவேணும். உள்வாங்காமலும் அலை வரும்.
3. மீன் பொறுக்க, படம் எடுக்க நிற்கக் கூடாது.
4. தூரம் போக முடியாவிட்டால் உறுதியான கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏறவேணும்.
5. அதிகாரிகள் சொல்லும்வரை திரும்பக் கூடாது.
6. இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.
7. இஞ்ச உயிராபத்து என்றால் 000. மொழிபெயர்ப்பாளருக்கு 131 450, "தமிழ்" என்று சொல்லுங்கோ.

இந்த ஞாயிறு ஊருக்குப் போன் எடுக்கும்போது ஐந்து நிமிடம் இதையும் கதையுங்கோ. கரைக்குக் கிட்ட இருக்கிற சொந்தங்களிடம், "எந்த ஒழுங்கையால் ஓடுவியள்? அம்மம்மாவை யார் தூக்குவது?" என்று கேளுங்கோ. அந்த மறுமொழி அவர்களிடம் முதலே இருக்கவேணும்.