‘போதும்’ என்று நின்றுவிடுவது ஏன்?

ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக் கொள்ளுங்கள். 1, 8, 27, 64 ஆகியவை கன எண்கள் என்பதை அறிவீர்கள். இத்தகைய எண்களை மட்டும் கூட்டி 23 என்ற எண்ணைப் பெற வேண்டும். ஒரே எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம்.

இருபத்து மூன்று ஒன்றுகளைக் கூட்டினால் 23 கிடைக்கும். இந்த விடை தவறன்று. ஓர் எட்டைச் சேர்த்தால் மொத்தம் 16 எண்கள் போதும். இரண்டு எட்டுகளும் ஏழு ஒன்றுகளும் எடுத்தால் 9 எண்களே போதும். இதற்குக் கீழே குறைக்க முடியாது. ஏனெனில் அடுத்த கன எண்ணான 27, இருபத்து மூன்றை விடப் பெரியது.

23 ஒன்றுகளோடு நிறுத்தியவரும், 16-இல் நிறுத்தியவரும், 9 வரை சென்றவரும் ஆக மூவருமே சரியான கணக்கைத்தான் போட்டார்கள். ஆனால் மூவரும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் முதல் இரண்டு இடங்களிலேயே நின்றுவிடுகிறோமே, அது ஏன்?

சிதம்பரத்தில் நடந்த ஆராய்ச்சி

மேல்பட்டாம்பாக்கத்தில் ரயிலேறி நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வழியாகத் தெற்கே சென்றால் சிதம்பரத்தை அடையலாம். அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்ட 1929-ஆம் ஆண்டிலேயே கணித விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ். எஸ். பிள்ளை. 1901-இல் பிறந்த இவர், குழந்தைப் பருவத்தில் தாயையும், பள்ளி நாட்களில் தந்தையையும் இழந்தவர். ஓர் ஆசிரியரின் உதவியால்தான் அவருடைய படிப்பு தொடர்ந்தது.

நீங்கள் மேலே போட்ட கணக்கின் பெரிய வடிவத்தைத்தான் பிள்ளை எடுத்துக் கொண்டார். 1770-இல் எட்வர்டு வாரிங் என்ற ஆங்கிலேயர், எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 4 வர்க்க எண்களின் கூட்டலாகவோ, 9 கன எண்களின் கூட்டலாகவோ, 19 நான்காம் அடுக்கு எண்களின் கூட்டலாகவோ எழுதலாம் என்று கூறினார். ஆனால் அவர் நிரூபணம் தரவில்லை. ஒவ்வொரு அடுக்குக்கும் இப்படி ஓர் உச்ச எண்ணிக்கை இருந்தே தீரும் என்பதை 1909-இல் டேவிட் ஹில்பர்ட் நிரூபித்தார். எனினும் அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அவருடைய நிரூபணம் சொல்லவில்லை.

‘இருக்கிறது என்று தெரிந்துவிட்டதே, போதும்’ என்று பிள்ளை விட்டுவிடவில்லை. 1935, 1936-ஆம் ஆண்டுகளில், ஏழாம் அடுக்கும் அதற்கு மேற்பட்ட அடுக்குகளும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு எந்த விதிப்படி அமைகின்றன என்பதை அவர் நிறுவினார். அதே காலத்தில் அமெரிக்கரான டிக்சனும் தனியாக இம்முடிவை அடைந்தார். விதி எளிதானது. 2-ஐ அந்த அடுக்குக்கு உயர்த்துங்கள். 1.5-ஐ அதே அடுக்குக்கு உயர்த்தி, வரும் விடையின் முழு எண் பகுதியை அதனுடன் கூட்டுங்கள். பின்பு 2-ஐக் கழியுங்கள்.

ஆறாம் அடுக்குக்கு இவ்விதி தரும் விடை 64 + 11 – 2 = 73. ஆனால் ஏழுக்கும் அதற்கு மேலும் பயன்பட்ட நிரூபணம் ஆறுக்குப் போதவில்லை. பிள்ளை அதை விடாமல் ஆராய்ந்து, 1940-இல் 73 என்பதே சரியான விடை என நிரூபித்தார். 1950-இல் அமெரிக்காவுக்குச் செல்லும் வழியில் கெய்ரோ அருகே நேர்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார்.

நான்காம் அடுக்கின் கதை இன்னும் நீண்டது. 53 எண்கள் போதும் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே லியூவில் காட்டிவிட்டார். அதைப் படிப்படியாகக் குறைத்து, வாரிங் சொன்ன 19-ஐ எட்டியது 1986-இல்தான். இதை முடித்த மூவருள் ஒருவர் நம் நாட்டுக் கணித அறிஞர் ஆர். பாலசுப்பிரமணியன்.

மனம் நிற்கும் இடங்கள்

இனி நம் கேள்விக்கு வருவோம். ஹெர்பர்ட் சைமன் என்ற அமெரிக்க அறிஞர் 1956-இல் ஒரு கருத்தை விளக்கினார். மனிதன் எல்லா வழிகளையும் ஆராய்ந்து மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை. தன் தேவைக்குப் போதுமான முதல் வழி கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறான். இது குற்றமன்று. நேரமும் அறிவும் அளவுக்கு உட்பட்டவை. கடையில் ஒரு பென்சில் வாங்க நாள் முழுவதும் செலவிட முடியுமா? ஆனால் ‘போதும்’ என்ற கோட்டை எங்கே போடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 35 மதிப்பெண்ணில் கோடு போட்டவனின் தேடல் 35-இல் நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் பயிற்சியின் தன்மையில் இருக்கிறது. 1890-களில் பிரையன், ஹார்ட்டர் என்ற இருவர், தந்தி கற்பவர்களின் வேகத்தை வாரந்தோறும் அளந்து வரைபடமாக்கினர். செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் முதலில் ஏறியது. பின்பு பல வாரங்கள் ஏறாமல் சமவெளிபோல் கிடந்தது. அதன் பிறகு மறுபடி ஏறியது. தனித்தனி எழுத்தாகக் கேட்டவர், முழுச் சொல்லாகக் கேட்கப் பழகும் இடைக்காலமே அந்தச் சமவெளி என்று அவர்கள் கருதினர். எல்லாரிடமும் இச்சமவெளி தோன்றுவதில்லை எனப் பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். ஆனால் அது தோன்றும்போது, ‘என் திறமை இவ்வளவுதான்’ என்று முடிவு கட்டிவிடுவது எளிது.

மூன்றாவது காரணம், தெரிந்ததையே திரும்பச் செய்வது. ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் பணியாற்றியவர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், பெர்லின் இசைப்பள்ளியின் சிறந்த வயலின் மாணவர்கள் தனிப் பயிற்சியில் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டிருந்ததைக் கண்டனர். பிழை வரும் பகுதியைக் கண்டுபிடித்து, திருத்தித் திருத்திச் செய்வதே பயனுள்ள பயிற்சி என்பது அவர்கள் கருத்து. பயிற்சி மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின. நல்ல ஆசிரியர், புத்தகம், ஓய்வு நேரம் ஆகியவையும் வேண்டும். இவை கிடைக்காமல் நின்றவரைச் சோம்பேறி என்பது அறிவியலும் ஆகாது, நியாயமும் ஆகாது. அந்த ஓர் ஆசிரியர் உதவாதிருந்தால் பிள்ளையின் படிப்பே நின்றிருக்கக் கூடும் அல்லவா?

செய்து பாருங்கள்

1. உங்களுக்குக் கடினமான ஒரு பாடத்தில், தினமும் பத்து நிமிடம் பிழை வரும் பகுதியை மட்டும் பயிலுங்கள். அன்றன்றைய பிழைகளை எண்ணி, 30 நாட்களுக்கு வரைபடம் போடுங்கள். சமவெளி தோன்றுகிறதா? தோன்றினால் அதற்குப் பின் என்ன ஆகிறது?

2. ஐந்தாம் அடுக்கு எண்கள் 1, 32, 243 என்று தொடரும். 223-ஐப் பெறக் குறைந்தது எத்தனை ஐந்தாம் அடுக்கு எண்கள் தேவை? உங்கள் விடையைப் பிள்ளையின் விதியோடு ஒப்பிடுங்கள். இந்த அடுக்குக்கான நிரூபணத்தை 1964-இல் முடித்தவர் சீனக் கணித அறிஞர் சென் ஜிங்ருன். முதலில் கிடைத்த விடையோடு நின்றுவிடாமல், அதைவிடக் குறைக்க முடியுமா என்று ஒருமுறை பாருங்கள்.