நெடுங்குளிரும் வெளியுலாவும்

ஆண்டிற் பல திங்கள் நிலமெல்லாம் வெண்பனி போர்த்துக் கிடக்க, ஏரிநீர் கல்லென இறுகி நிற்க, கதிரவனும் முகங்காட்ட நாணினாற்போல அடிவானத்தைச் சார்ந்தே சென்று மறையும் வடபுல நாடுகளில் வாழும் மக்கள், அந்நெடுங் குளிர்காலத்தை எங்ஙனம் கழிக்கின்றனர் என்பது ஆராய்தற்குரியதொரு வினாவாகும். கதவடைத்துக் கணப்பின் அருகே முடங்கிக் கிடப்பர் என எளிதில் விடை கூறிவிடலாம். அவ்விடை நார்வே நாட்டினர்க்குப் பொருந்தாது. குழவி முதல் முதியோர் ஈறாக அவர்கள் குளிர்காலத்திலும் வெளியே புறப்படுகின்றனர். அதிலே இன்பமும் காண்கின்றனர். அஃது அவர்தம் குருதியிற் பிறந்த இயல்போ, அன்றிப் பயின்று பெற்ற பேறோ என்பதனை யாம் இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொற்பொருள் வரையறுத்தல் நன்று. பனி என்னும் நம் சொல் புல் நுனியில் நிற்கும் துளியையும், விடியலிற் படரும் மூடத்தையும், வானின்று பஞ்செனப் பொழியும் வெண்பொருளையும் ஒருங்கே குறிக்கும். ஈண்டு மயக்கம் நேராவண்ணம், வானின்று பொழிவதனை உறைபனி எனவும், நீர் இறுகியதனைப் பனிக்கட்டி எனவும் வழங்குவோம். நார்வேயர் தம் வெளிவாழ்வைக் குறிக்கப் 'பிரிலுப்ட்ஸ்லீவ்' என்றொரு தொகைச்சொல்லை ஆளுகின்றனர். கட்டின்மை, காற்று, வாழ்வு என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் ஒட்டி நின்ற தொடர் அது. நாடகப் புலவர் ஹென்ரிக் இப்சன் 1859-ஆம் ஆண்டில் இயற்றிய நெடும்பாட்டொன்றில் இச்சொல்லை ஆண்டனர். போட்டியும் பரிசும் அச்சொல்லின் பொருளில் இல்லை. வெளியே இருத்தலே அதன் பயன்.

இனி, அந்நாட்டுக் குளிரும் இருளும் எத்தகையன என்று காண்போம். நிலவுலகின் அச்சு ஏறத்தாழ 23½ பாகை சாய்ந்திருத்தலின், வட அகலக்கோடு 66½ பாகைக்கு அப்பாலுள்ள ஊர்களிற் குளிர்காலத்தில் ஞாயிறு எழாத நாட்கள் உண்டு. 69 பாகைக்கும் அப்பாலுள்ள டிராம்ஸோ நகரில் நவம்பர்த் திங்களின் இறுதி முதல் ஜனவரித் திங்களின் நடு வரை அது தோன்றுவதேயில்லை. தெற்கேயுள்ள தலைநகராகிய ஆஸ்லோவிலும் மிகக் குறுகிய பகற்பொழுது ஆறு மணி நேரத்திற்கும் சற்றுக் குறைவாகும். எனினும், டிராம்ஸோவிற் பகலெல்லாம் காரிருள் என்று கருதற்க. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் நீலங் கலந்த அந்தியொளி பரவும். உறைபனி அச்சிற்றொளியை வாங்கித் திருப்பி வீசுதலால் வழி தெரியும். அவ்வொளியைக் காண வேண்டுவோர் வெளியே சென்றாதல் வேண்டும்.

இஃது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய செய்தியன்று. குளிர்கால ஒளிக்குறைவினாற் சிலர் ஊக்கங் குன்றி, உறக்கம் மிகுந்து, துயரத்தில் ஆழ்கின்றனர் என்பதனை நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவருடன் ஆராய்ந்தோரும் 1984-ஆம் ஆண்டில் ஒரு தனி நோயாக வகுத்துக் காட்டினர். ஆதலின் குளிர்காலத்து வெளியே செல்லுதலும் செல்லாமையும் மக்களின் நல்வாழ்வைத் தொடுவன.

ரியுகன் என்னும் சிற்றூரின் வரலாறு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆழ்ந்த பள்ளத்தாக்கினுள் தொழிற்சாலையை முன்னிட்டு எழுந்த அவ்வூரிற் செப்டம்பர் முதல் மார்ச்சு வரை மலைநிழல் விழுந்து கிடத்தலால், வெயில் தெருவை எட்டுவதில்லை. மலைமேற் கண்ணாடி நிறுவி வெயிலைக் கீழே திருப்பலாம் என்னும் கருத்து 1913-ஆம் ஆண்டிலேயே அங்கு எழுந்தது. அன்று அது கைகூடவில்லை. அதற்கு ஈடாகத் தொழிற்சாலை நடத்திய நிறுவனத்தார் 1928-ஆம் ஆண்டில், ஊரார் மலைமீது ஏறி வெயில் காயுமாறு கம்பிவட ஊர்தியொன்றை அமைத்துக் கொடுத்தனர். பழைய கருத்து 2013-ஆம் ஆண்டிலே நிறைவேறிற்று. மொத்தம் 51 சதுர மீட்டர் பரப்புள்ள மூன்று கண்ணாடிகள் இன்று அவ்வூர்ச் சதுக்கத்தில் வெயிலை வீழ்த்துகின்றன. வெயிலை மக்களிடம் கொணர்வதற்கு 85 ஆண்டுகள் முன்னரே, மக்களை வெயிலினிடம் கொண்டு சென்றனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

குளிரில் இன்புறுதற்கு முதற்கண் வேண்டுவது உடையறிவு. கெட்ட வானிலை என ஒன்றில்லை, கெட்ட உடையே உண்டு என்பது அந்நாட்டில் யாவரும் அறிந்த பழமொழி. உடை தானே வெப்பந் தருவதில்லை. அது தன் இழைகளினிடையே அடைத்து வைக்கும் அசையாக் காற்றே உடலின் சூட்டைக் காக்கின்றது. ஆதலின் தடித்த ஓராடையினும் மெல்லிய பல ஆடைகள் சிறந்தன. உடலையொட்டிக் கம்பளியுடை, அதன்மேற் காற்றைத் தாங்கும் தடித்த உடை, புறத்தே காற்றும் நீரும் புகாத மேலுடை என மூன்று அடுக்காக அவர்கள் அணிகின்றனர். பருத்தியாடையை உள்ளே அணிவதில்லை. என்னை? அது வியர்வையை உறிஞ்சி நனைந்து, காற்றிருந்த இடத்தில் நீரை நிரப்பிவிடும். நீரோ அசையாக் காற்றினும் 20 மடங்கிற்கு மேல் விரைந்து வெப்பத்தைக் கடத்தும். கம்பளி ஈரமுற்றபோதும் ஓரளவு சூடு காக்கும். ஆகவே ஏற்றத்தில் ஏறும்போது மேலாடையைக் களைந்து வியர்வையைத் தவிர்ப்பதும், நின்றவுடன் மீண்டும் அணிவதும் அங்குச் சிறுவரும் அறிந்த முறையாகும்.

காற்றின் வலியும் கருதற்பாலது. வெப்பநிலை சுழிக்குக் கீழ் 10 பாகையாக இருக்கும்போது, மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவிற் காற்று வீசினால், உடலுக்கு அது சுழிக்குக் கீழ் 20 பாகை போலத் தோன்றும். இவ்விடரினின்று காப்பதும் அவ்வுறைபனியே என்பது வியப்பிற்குரியது. புதிதாய் விழுந்த உறைபனியிற் பெரும்பகுதி காற்றேயாதலால், அது நிலத்தின்மேல் விரித்த போர்வை போலாகின்றது. அங்குள்ள வெண்கவுதாரிகள் அதனுள் வளைதோண்டி இரவைக் கழிக்கின்றன. மலையிற் புயலில் அகப்பட்ட மனிதரும் அவ்வாறே உறைபனியைக் குடைந்து அதனுட் புகுந்து உயிர் பிழைக்கின்றனர்.

இரண்டாவது வேண்டுவது பழக்கம். மரப்பலகைகளைக் காலிற் பூட்டி உறைபனிமேற் சறுக்கிச் செல்லும் 'ஸ்கீ' என்பது அந்நாட்டிற் பண்டு தொட்டு வழங்கும் செலவுமுறை. 1206-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரின்போது ஸ்கீ வல்லார் இருவர் அரசிளங் குழவியாகிய ஹாக்கோனை மலை கடந்து தூக்கிச் சென்று காத்தனர். அதன் நினைவாக 1932 முதல் நடைபெறும் நெடுவழி ஓட்டத்தில், பங்குகொள்வோர் அக்குழவியின் எடைக்கு அறிகுறியாக 3.5 கிலோகிராம் சுமையை முதுகிற் சுமக்கின்றனர். 1888-ஆம் ஆண்டில் பிரித்யொப் நான்சன் தம்முடன் ஐவரைக் கூட்டிக்கொண்டு கிரீன்லாந்தின் உட்பகுதியை ஸ்கீயின் துணையாற் கிழக்கினின்று மேற்கே கடந்தனர். அவர் 1890-இல் வெளியிட்ட நூல் ஸ்கீயின் புகழை நாடு கடந்தும் பரப்பிற்று. இன்றோ அது வீரர்க்கே உரியதன்று. விடுமுறை நாளிற் பெற்றோர் மக்களோடு ஆரஞ்சுப் பழமும் சுடுநீர்க் குப்பியும் கொண்டு காட்டு வழியே செல்லுதல் எளிய வழக்கம். குழந்தைப் பள்ளிகளிற் சிறார் குளிர்காலத்திலும் நாடோறும் வெளியே விளையாடுகின்றனர்.

உள்ளத்தின் நிலையும் பழக்கத்தின்பாற் படும். காரி லீபோவிட்ஸ் என்னும் உளநூலார் டிராம்ஸோவில் தங்கி ஆராய்ந்து, யோவார் விட்டெர்ஸோ என்பாருடன் 2020-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். குளிர்காலத்தை இன்னற் காலமாக எண்ணாது வாய்ப்புக் காலமாக எண்ணுவோர் வாழ்வில் மிகுந்த மனநிறைவுடையராய் இருந்தனர் என்பதும், வடக்கே செல்லச் செல்ல அவ்வெண்ணம் மிக்கிருந்தது என்பதும் அவர்கள் கண்டவை. எண்ணமே மனநிறைவுக்குக் காரணம் என இதுகொண்டு துணிதல் கூடாது. உடன்நிகழ்வு வேறு, காரணம் வேறு. ஆயினும் இருள் மிக்க இடத்தே வெறுப்பும் மிகுதல் வேண்டும் என்னும் பொதுக்கருத்து இதனாற் பொய்ப்படுகின்றது.

மூன்றாவது, உரிமை. உடையும் பழக்கமும் இருந்தும், நிலமெல்லாம் வேலியடைத்துக் கிடப்பின் ஏழை எங்ஙனம் உலாவுவன்? நார்வேயில் 1957-ஆம் ஆண்டுச் சட்டம், பயிரிடப்படாத நிலத்தில் எவரும் ஊறு செய்யாது நடந்து செல்லலாம் என விதித்தது. இதிற் குளிர்காலத்திற்கெனவே ஒரு சிறப்பு விதியுண்டு. விளைநிலமும் உறைந்தோ உறைபனி மூடியோ கிடக்குங்கால், அக்டோபர் 14 முதல் ஏப்ரல் 30 வரை, மனைப்புறம் முதலியன ஒழிய, அதன்மீதும் மக்கள் செல்லலாம். ஆகவே கோடையில் அடைபட்ட வயலும் குளிர்காலத்திற் பொதுவழியாகின்றது. இவ்வுரிமை செல்வர்க்கும் வறியர்க்கும் ஒன்றே. அந்நாட்டுக் குடிகட்கும் புதிதாய்க் குடியேறியவர்க்கும் ஒன்றே. வடகோடியிலுள்ள பின்மார்க்குப் பகுதியின் மீன்தொழிற்சாலைகளிற் பணி செய்யச் சென்ற ஈழத் தமிழர்க்கும் அது வழுவாது உரியதாயிற்று. மேலும் 1868-இல் நிறுவப்பெற்ற நார்வே நடைச்செலவுச் சங்கம் மலைகளில் 500-க்கு மேற்பட்ட விடுதிகளை நடத்துகின்றது. அவற்றுட் பலவற்றிற் காவலர் இல்லை. வருவோர் தாமே திறந்து, தாமே அடுப்பு மூட்டி, அங்குள்ள உணவை உண்டு, கணக்கெழுதிப் பொருள் செலுத்திச் செல்கின்றனர்.

நான்காவதும் முதன்மையானதும் அளவறிதல். குளிர் நண்பனாயினும் அதனை எளியதாகக் கருதினார் உயிரிழப்பர். 1967-ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் மாண்டனர். அதன்பின் செஞ்சிலுவைச் சங்கத்தாரும் நடைச்செலவுச் சங்கத்தாரும், 1952 முதல் வழங்கிய மலைநெறி விதிகளை நாடெங்கும் பரப்பினர். இன்று அவை ஒன்பதாகும். செல்லும் வழியைப் பிறர்க்கு அறிவித்துச் செல்க, வானிலையை ஆய்க, தன் வலிமைக்கேற்ற வழியைத் தேர்க என்பன அவற்றுட் சில. அவற்றுள் மக்கள் நாவிற் பெரிதும் பயில்வது, திரும்பி வருதலில் இழிவில்லை என்பதாம். முன்வைத்த காலைப் பின்வையாமையே ஆண்மை என்று போற்றுவார்க்கு இது புதுமையாகத் தோன்றலாம். ஆயின் 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளிற் பனிச்சரிவு நேரும் என்பதை அறிந்தும், முகிலிறங்கி வருதலைக் கண்டும், மேலும் செல்லுதல் ஆண்மையன்று, பேதைமையே.

இவ்வாறு ஆராயுமிடத்து, நார்வேயரின் குளிர்கால இன்பம் பிறப்பியல்பன்று என்பது பெறப்படும். உடையறிவும், பழக்கமும், உரிமையும், அளவறிதலும் ஆகிய நான்கு தூண்களின்மேல் அது நிற்கின்றது. இந்நான்கும் மக்களால் ஆக்கப்பட்டவை; ஆதலின் மக்களாற் காக்கப்படவேண்டியவை. இன்று அவ்வின்பத்திற்கே ஓர் இடையூறு நேர்ந்துள்ளது. உலகு வெம்மையுறுதலால் ஆஸ்லோவைச் சூழ்ந்த தாழ்நிலங்களில் உறைபனி கிடக்கும் நாட்கள் குறைந்து வருகின்றன. குளிரை வெல்ல முயலாது, அதனோடு ஒத்து வாழக் கற்ற மக்கள், அக்குளிரையே இழக்கத் தொடங்கியுள்ளனர். இன்னல் என நாம் வெறுத்து ஒதுக்கும் ஒரு பருவமும், அறிந்து பழகினார்க்கு இழத்தற்கரிய செல்வமாதல் இதனால் விளங்கும்.