பழைய பெட்ரோல் காரில் ஆக்சிஜன் சென்சார்: மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

தினமும் அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போய்வரும் ஓசூர்க்காரர்கள் பலரிடம் இருப்பது பத்து, பதினைந்து வருடத்துப் பெட்ரோல் கார்தான். மைலேஜ் குறைந்து, டாஷ்போர்டில் என்ஜின் விளக்கும் எரிந்தால், "ஓ-டூ சென்சார் போயிடுச்சு, மாத்திடலாம்" என்று ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிடுகிறார்கள். சில ஆயிரம் செலவழித்து மாற்றிய பிறகும் விளக்கு அணைவதில்லை. பல நேரம் அந்த சென்சார் நன்றாகத்தான் இருக்கும். வேறெங்கோ உள்ள கோளாறை அது காட்டிக்கொடுத்திருக்கும். அதனால் இதை மாற்றுவதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

1. என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாயில், ஸ்பார்க் பிளக் மாதிரி ஒயரோடு திருகப்பட்டிருப்பதுதான் ஆக்சிஜன் சென்சார். எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்து அது சொல்லும். அதை வைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். பாஷ் நிறுவனம் 1976ல் இதைத் தயாரிக்கத் தொடங்கியது; முதலில் பொருத்தப்பட்டது வோல்வோ கார்களில். கார்புரேட்டர் கார்களில் இதைத் தேட வேண்டாம்.

2. பெங்களூரில் பழைய கார் வாங்கி என்ஓசி போட்டு, டிஎன் 70க்கோ டிஎன் 24க்கோ மாற்றியவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2010 ஏப்ரலில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களுக்குத்தான் பிஎஸ்-4 வந்தது. மற்ற ஊர்கள் அந்த ஆண்டில் பிஎஸ்-3க்குத்தான் மாறின. நாடு முழுக்க பிஎஸ்-4 ஆனது 2017 ஏப்ரலில்தான். அதனால் ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் அங்கே விற்ற காரும் இங்கே விற்ற காரும் வேறு வேறாக இருக்கலாம். ஒன்றில் ஒரே சென்சாரும், இன்னொன்றில் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னுமாக இரண்டும் இருக்கலாம். கடையில் மாடல் பெயர் சொல்லிக் கேட்காமல் சேசிஸ் நம்பரைக் காட்டியே கேளுங்கள்.

3. மைலேஜ் கணக்கை ஒருவழிப் பயணத்தில் போடாதீர்கள். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் வருவது ஏற்றம், திரும்பிப் போவது இறக்கம். டேங்கை நிரப்பி, போய்வந்து, அதே பங்கில் மறுபடி நிரப்பினால்தான் சரியான கணக்கு கிடைக்கும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கும் மைலேஜ் கொஞ்சம் குறையும். அந்தப் பழியை சென்சார் மேல் போட வேண்டாம். மைலேஜ் சட்டென்று விழுந்திருந்தால், கூடவே சைலன்சர் வாயில் கரி படிந்து பெட்ரோல் வாடையும் அடித்தால், மேற்கொண்டு பாருங்கள்.

4. புகைச் சான்றிதழை மடித்து வைப்பதற்கு முன் அதிலுள்ள எண்களைப் படியுங்கள். ஐடிலிங்கில் பிஎஸ்-4 பெட்ரோல் காருக்குக் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம் வரை அனுமதி, பிஎஸ்-3க்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம். கார்பன் மோனாக்சைடு எகிறியிருந்தால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. அது சரியாக இருந்து ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் ஸ்பார்க் பிளக், காயில் பக்கம் பாருங்கள்.

5. ப்ளூடூத் ஸ்கேனர் இருந்தால் எரர் கோடு எடுத்துவிடலாம். பழைய மாடல்கள் சிலவற்றில் மலிவு ஸ்கேனர் இணையாது. ஒர்க்‌ஷாப் ஸ்கேனர்தான் வேண்டும். பி0135 என்றால் முன் சென்சாரின் ஹீட்டர் சர்க்யூட் கோளாறு. பி0171 என்று வந்தால் கலவையில் காற்று அதிகம் என்று மட்டுமே பொருள். இந்தக் கோடைப் பார்த்து சென்சாரை மாற்றியவர்கள்தான் அதிகம் ஏமாந்தவர்கள்.

6. அந்தக் காற்று எங்கே நுழைகிறது என்று முதலில் தேடுங்கள். இன்டேக் பக்கத்து ரப்பர் ஹோஸ்கள் வருடக்கணக்கான சூட்டில் வெடித்திருக்கும். ஒவ்வொன்றையும் வளைத்துப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட் ஒழுகினாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, சென்சார் "ஆக்சிஜன் அதிகம்" என்று சொல்லிவிடும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் "டிக் டிக்" சத்தம் கேட்கிறதா, இணைப்பைச் சுற்றிக் கரித்தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டரையும் விட்டுவிடாதீர்கள்.

7. இனி மல்டிமீட்டர். டிஜிட்டல் மீட்டரே வேண்டும். கை பிரேக் போட்டு, நியூட்ரலில், திறந்தவெளியில் கார் நிற்கட்டும். மூடிய ஷெட்டில் என்ஜினை ஓடவிடவே கூடாது, உயிருக்கு ஆபத்து. கால் மணி நேரம் ஓட்டி என்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஆரம்பியுங்கள், ஏனென்றால் 300 டிகிரி செல்சியஸ் சூடாவது வந்தால்தான் சென்சார் வேலை செய்யும். நாலு ஒயர் சென்சாரில் ஒரே நிறத்தில் உள்ள இரண்டும் ஹீட்டருக்கு. மீதி இரண்டில் ஒன்று சிக்னல், ஒன்று எர்த். கப்ளரைக் கழற்றாமல், அதன் பின்பக்கமாக மெல்லிய ஊசியைச் சிக்னல் ஒயரோடு நுழைத்து சிவப்பு முனையை அதில் வையுங்கள். கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில். ஆக்சிலேட்டரை லேசாக அழுத்தி 2000 சுற்றில் பிடித்தால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே எண்கள் மாறி மாறித் துள்ள வேண்டும்.

துள்ளாமல் ஒரே எண்ணில் நின்றாலும் அவசரப்பட வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று ஒரு அழுத்து அழுத்துங்கள், 0.9 பக்கம் ஏற வேண்டும். சின்ன வேக்குவம் ஹோஸ் ஒன்றைக் கழற்றுங்கள், 0.1 பக்கம் இறங்க வேண்டும். இரண்டுக்கும் உடனே அசைந்தால் சென்சார் நல்லதுதான். கோளாறு வேறு இடத்தில். எதற்கும் அசையவில்லை, அல்லது சாவகாசமாக அசைகிறது என்றால், ஒயரும் கப்ளரும் சரியாக இருக்கும் பட்சத்தில், அதை மாற்ற வேண்டியதுதான். (முதல் சென்சாருக்குத்தான் இந்தக் கணக்கு. கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ளது அதிகம் அசையாமல் இருப்பதே சரி.)

8. ஹீட்டரைச் சோதிக்க, என்ஜின் ஆறிய பின் கப்ளரைப் பிரித்து, ஒரே நிற ஒயர்கள் இரண்டுக்கும் நடுவே ஓம் பாருங்கள். சில ஓம்கள் காட்டினால் நல்லது; எதுவுமே காட்டாவிட்டால் அறுந்துவிட்டது. கார் பக்கத்துக் கப்ளரில் 12 வோல்ட் வரவில்லையென்றால் ஃபியூஸைப் பாருங்கள். சிக்னல் ஒயரில் மட்டும் ஓம் சோதனை செய்யாதீர்கள், சென்சார் கெட்டுவிடலாம். ஹீட்டர் இல்லாத ஒற்றை ஒயர் சென்சார், சந்தாபுரா நெரிசலில் நகர்ந்து நகர்ந்து போகும்போது ஆறிப்போய்த் தப்பாகக் காட்டும், ஹைவேயில் சரியாகிவிடும்.

9. கழற்றினால் நுனியைப் பாருங்கள். இளஞ்சாம்பல் நிறம் இயல்பு. கறுப்புத் தூள் என்றால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் என்ஜின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் பூச்சு இருந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது, அல்லது கேஸ்கெட்டுக்கு யாரோ சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவியிருக்கிறார்கள். மூலகாரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் கெட்டுவிடும்.

10. ஹீட்டர் உள்ள சென்சார் சுமார் 1,60,000 கிலோமீட்டர் வரை உழைக்கும். பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்குவதானால் பழையதைக் கையில் எடுத்துப் போய் கப்ளரை ஒப்பிட்டு, பில் போட்டு வாங்குங்கள். ஒயரை ஒட்டி இணைக்கும் "யுனிவர்சல்" ரகத்தில் எனக்கு உடன்பாடில்லை. சென்சார்கள் பல, ஒயர் வழியாகத்தான் வெளிக்காற்றை எடுத்துக்கொள்கின்றன. சால்டர் வைத்தால் அந்த வழி அடைபடலாம்.

11. கழற்றும்போது துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். 22 எம்எம் ஸ்பேனர் போதும். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும்போது சுலபமாக வரும். புதியதன் மரையில், இறுகிப்போகாமல் இருப்பதற்கான பேஸ்ட் தடவியே வந்திருந்தால் மேலும் தடவ வேண்டாம். நுனியில் எதுவுமே படக்கூடாது. பூட்டிய பின் எரர் கோடை அழித்து, சூளகிரி வரை ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து, ஸ்கேனரில் மறுபடியும் பாருங்கள்.