கருவிலுள்ள மூளைக்குக் கள்ளச்சாவி

சென்னை ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில், கருவிலுள்ள சிசு மூளையின் 5,132 துண்டுகளைப் படங்களாக்கி வெளியிட்டது. பிறக்குமுன்பே மூளை எவ்வளவு உருவாகிவிடுகிறது என்பதை அவற்றில் காண்கிறோம்.

அந்த மூளைச் செல்களின் மேல் ஏற்பிகள் என்னும் நுண்ணிய பூட்டுகள் உண்டு. அசிட்டைல்கோலின் போன்ற வேதிப்பொருள்கள் அவற்றின் சாவிகள். உரிய சாவி உரிய வேளையில் பொருந்தினால்தான் செல்கள் சரியாக வளர்ந்து ஒன்றோடொன்று இணையும்.

புகையிலையின் நிகோடின் இதே பூட்டில் நுழையும் கள்ளச்சாவி. தாயின் இரத்தம் வழியே சிசுவை அடைந்து, வேளை தவறித் திறந்து, அந்த ஒழுங்கைக் குலைக்கிறது.

வெற்றிலையோடு புகையிலை போடுவதை நம் வீடுகளில் இன்றும் பார்க்கிறோம். கர்ப்பிணிகளே, பெரியவர்கள் நீட்டினாலும் மறுத்துவிடுங்கள். ஆண்களே, அவர்கள் அருகில் பீடி, சிகரெட் வேண்டாம். கைவிட உதவி வேண்டுவோர் 1800-11-2356 என்ற தேசிய இலவச எண்ணில் பேசலாம்.